நடக்க வழி இருக்கிறது, டப்பா வைக்க யாரைக் கேட்பது?

கேள்வி, 2025 மார்ச் 2

இங்கிலாந்தில் பிராட்ஃபோர்டில் இருக்கிறேன். ஜியோகேச்சிங், அதாவது யாரோ ஒளித்து வைத்த டப்பாவை (அதைத்தான் கேச் என்பது) ஜிபிஎஸ் வைத்துத் தேடும் விளையாட்டு, ஆரம்பித்து ஒரு வருஷம் ஆகிறது, இதுவரை தேடியதோடு சரி. இப்போது நானே ஒரு கேச் ஒளித்து வைக்கலாம் என்று ஆசை. ஊருக்கு வெளியே வயலுக்கு நடுவே ஒரு பொது நடைபாதை போகிறது, ஓரத்தில் பழைய கல்சுவர், அருமையான இடம். பொது வழிதானே, யார் வேண்டுமானாலும் நடக்கலாமே, அப்புறம் எதற்கு அனுமதி? முக்கால்வாசிப் பேர் கேட்காமல்தான் வைக்கிறார்கள் என்று கேள்விப்பட்டேன்.

பதில், மார்ச் 2, இரவு

கேட்கத்தான் வேண்டும். இங்கிலாந்தில் பொது நடைபாதை என்றால் அந்த மண்ணும் பொது என்று நிறையப் பேர் நினைத்துக்கொள்கிறார்கள். மண் விவசாயியுடையது. அதன் குறுக்கே போய் வரும் உரிமைதான் நமக்கு. நடக்கலாம், மூச்சு வாங்க நிற்கலாம், கட்டிக்கொண்டு போன சாப்பாட்டை உட்கார்ந்து சாப்பிடலாம். ஊரில் வழிப்போக்கர் யார் வீட்டுத் திண்ணையிலும் உட்கார்ந்து இளைப்பாறலாம், ஆனால் தன் பெட்டியை அங்கேயே வைத்துவிட்டு "எல்லோரும் வந்து எடுத்துப் பாருங்கள்" என்று ஊருக்குச் சொல்லிவிட்டுப் போக முடியுமா? அதேதான் இங்கேயும்.

கல்சுவரை இப்போதே மறந்துவிடுங்கள். ஏன் என்று நாளை எழுதுகிறேன்.

மார்ச் 3

ஜியோகேச்சிங் தெரியாமல் இதைப் படிப்பவர்களுக்கு: ஒருவர் ஒரு டப்பாவுக்குள் பெயர் எழுத ஒரு சின்ன நோட்டு வைத்து எங்காவது ஒளித்துவிட்டு, அந்த இடத்தின் ஆயத்தொலைவுகளை இணையத்தில் போடுவார். மற்றவர்கள் ஜிபிஎஸ்ஸோடு வந்து தேடி, நோட்டில் பெயர் எழுதி, டப்பாவை இருந்த இடத்திலேயே திரும்ப வைத்துவிட்டுப் போவார்கள். அவ்வளவுதான் விளையாட்டு.

இனி கல்சுவர். யார்க்‌ஷயர் டேல்ஸ் தேசியப் பூங்காவுக்குள் மட்டுமே 8,000 கிலோமீட்டருக்கு மேல் இந்தச் சுவர்கள் ஓடுகின்றன. சாந்து, சிமென்ட் எதுவும் கிடையாது. கல்லைக் கல் தாங்கி நிற்கிறது. நீங்கள் ஒரு சின்ன டப்பாவை ஒரு கல்லும் அசையாமல் நல்ல இடுக்கில் செருகிவிட்டு வரலாம், அதில் எனக்குச் சந்தேகமே இல்லை. ஆனால் தேடி வருகிறவருக்கு எந்த இடுக்கு என்று எப்படித் தெரியும்? போனில் இருக்கும் ஜிபிஎஸ் அவரை ஐந்து பத்து மீட்டர் சுற்றளவில் கொண்டுவந்து விட்டுவிடும், அப்புறம் அவர் அந்த நீளத்துக்கு ஒவ்வொரு கல்லாக ஆட்டிப் பார்ப்பார். அடுத்த வாரம் இன்னொருவர். மழைக்காலம் முடிவதற்குள் மேல்வரிசைக் கற்கள் கீழே கிடக்கும், அந்த இடைவெளியில் ஆடு தாண்டும், தாண்டிய ஆடு சாலைக்குப் போய்விடும்.

விவசாயி கோபப்படுவது டப்பாவைப் பார்த்து அல்ல. டப்பாவுக்காக வருகிற, அவருக்கு முகம் தெரியாத அத்தனை பேரையும் நினைத்து. அனுமதி கேட்கும்போது நாம் அவர்கள் எல்லோருக்கும் சேர்த்துத்தான் கேட்கிறோம், அதனால்தான் இதில் நான் இவ்வளவு பிடிவாதமாக இருக்கிறேன். பிரிட்டனில் இந்த மாதிரிச் சாந்தில்லாத சுவருக்குள் கேச் வைக்கக் கூடாது என்பது இங்கே விளையாடுகிறவர்களிடையே ஊறிப்போன விதி. பழைய கேச்கள் சில இன்னும் சுவருக்குள் இருக்கின்றன என்று சொல்லி வாதம் செய்யாதீர்கள்.

மார்ச் 5

"இணையத்தில் கேச் போடும்போது யாரும் ஆதாரம் கேட்பதில்லையே" என்று ஒருவர். சரி, ஆனால் பக்கத்தைச் சமர்ப்பிக்கும்போதே "எனக்குப் போதுமான அனுமதி இருக்கிறது" என்று நீங்கள் உறுதி கொடுத்துத்தான் மேலே போகிறீர்கள். அதைப் படிக்காமல் டிக் அடித்தாலும் கொடுத்த வாக்கு கொடுத்ததுதான். பக்கத்தை வெளியிடுவதற்கு முன் சரிபார்க்கும் ரிவ்யூவர்கள் எல்லோரும் சம்பளம் இல்லாமல் வேலை பார்க்கும் தன்னார்வலர்கள். இடம் கொஞ்சம் சிக்கலாகத் தெரிந்தால் அனுமதி கொடுத்தவர் யார், அவரை எப்படித் தொடர்புகொள்வது என்று கேட்பார்கள். அப்போது சொல்ல ஒரு பெயர் வேண்டும். நில உரிமையாளர் பின்னால் புகார் கொடுத்தால் கேள்வியே இல்லை, கேச்சை ஆர்க்கைவ் செய்துவிடுவார்கள், அதாவது பட்டியலிலிருந்து எடுத்துவிடுவார்கள்.

மார்ச் 5, கொஞ்ச நேரம் கழித்து

161 மீட்டர் விதியையும் அனுமதியையும் சிலர் குழப்பிக்கொள்கிறார்கள். 161 மீட்டர், அதாவது மைலில் பத்தில் ஒரு பங்கு, ஒரு கேச்சுக்கும் இன்னொரு கேச்சுக்கும் நடுவே இருக்க வேண்டிய தூரம். அது விளையாட்டுக்காரர்களுக்குள் இருக்கும் ஏற்பாடு. நிலத்துக்காரருக்கும் அதற்கும் சம்பந்தம் இல்லை.

மார்ச் 9

நிலம் யாருடையது என்று எப்படிக் கண்டுபிடிப்பது என்று நிறையப் பேர் கேட்டிருக்கிறீர்கள். இதை விரிவாக எழுதுகிறேன், ஏனென்றால் பெரும்பாலானவர்கள் அனுமதி கேட்காமல் விடுவது திமிரால் இல்லை, யாரைக் கேட்பது என்று தெரியாததால்தான்.

முதலில் பிரிட்டனின் தேசிய வரைபட நிறுவனமான ஆர்ட்னன்ஸ் சர்வேயின் 25,000க்கு 1 வரைபடம். நடைபாதைகள் பச்சைக் கோடுகளாக இருக்கும், வயல் எல்லைகள் ஒவ்வொன்றும் தெரியும், பண்ணை வீடுகளின் பெயர்கள்கூட இருக்கும். அடுத்தது அரசு நடத்தும் மேஜிக் என்ற வரைபடத் தளம். இயற்கைப் பாதுகாப்பு இடங்கள், பழஞ்சின்னங்கள் எல்லாம் அடுக்கடுக்காகக் காட்டும். டப்பா வாங்குவதற்கு முன்பே அதைத் திறந்து பார்த்துவிடுங்கள். நிலப் பதிவேட்டில் சில பவுண்டுகள் கட்டினால் உரிமையாளர் பெயர் கிடைக்கும், ஆனால் இங்கிலாந்திலும் வேல்ஸிலும் ஏறக்குறைய பத்தில் ஒரு பங்கு நிலம் இன்னும் அந்தப் பதிவேட்டில் ஏறவே இல்லை, அதுவும் தலைமுறை தலைமுறையாக ஒரே குடும்பத்தில் இருக்கிற, விற்கப்படாத, அடமானம் வைக்கப்படாத கிராமத்து நிலமாக இருந்தால் இல்லாமல் போக வாய்ப்பு அதிகம்.

என் அனுபவத்தில் இது எல்லாவற்றையும்விட வேலை செய்வது பக்கத்துப் பண்ணை வீட்டுக் கதவைத் தட்டுவதுதான். யார்க்‌ஷயரில் வார்ஃப்டேல் பக்கம் ஒரு சந்துப் பாதையில் வைக்க நினைத்தபோது அப்படித்தான் போனேன். போகும்போது காலி டப்பா, நோட்டு, வரைபடத்தின் நகல் எல்லாம் கையில். ஒரு பெரியவர் வந்தார், கூடவே இரண்டு நாய்கள். ஜியோகேச்சிங் என்ற பெயர் அவருக்குத் தெரியவில்லை, டப்பாவைத் திறந்து நோட்டைக் காட்டியதும் புரிந்துவிட்டது. நான் காட்டிய வயல் கதவோரம் கூடாது என்று உடனே சொல்லிவிட்டார். குட்டி போட்ட ஆடுகளை மார்ச், ஏப்ரலில் அந்த வயலில்தான் விடுவாராம். ஆட்கள் அந்தக் கதவருகே நின்றுகொண்டே இருந்தால் தாய் ஆடு ஒருபக்கமும் குட்டி ஒருபக்கமுமாகப் பிரிந்துவிடும் என்றார். எனக்கு அது தெரிந்திருக்க வழியே இல்லை. எந்த வரைபடத்திலும் அது இல்லை.

அப்புறம் அவரே கூட நடந்து வந்து சந்தின் திருப்பத்தில் ஒரு பழைய கல் தொட்டியைக் காட்டினார், முன்பு குதிரைகளுக்குத் தண்ணீர் வைத்தது, இப்போது காய்ந்து கிடக்கிறது. அதன் பின்புறம் வைத்துக்கொள் என்றார். நான் தேர்ந்தெடுத்ததைவிட நல்ல இடம். கேச் பக்கத்தில் அந்தத் தொட்டியைப் பற்றி அவர் சொன்னதை அவர் சம்மதத்தோடு எழுதினேன். தேடி வருகிறவர்கள் டப்பாவைவிட அதைப் பற்றித்தான் அதிகம் எழுதிவிட்டுப் போகிறார்கள்.

மார்ச் 10

நேற்று எழுதியதோடு ஒன்று சேர்க்க வேண்டும். பண்ணையில் இருப்பவர் உரிமையாளராகத்தான் இருக்க வேண்டும் என்றில்லை. பெரிய எஸ்டேட்டுகளில் அவர் குத்தகைக்காரராக இருப்பார், நிலம் எஸ்டேட்டுடையது. அப்போது இருவரையும் கேளுங்கள். எஸ்டேட் அலுவலகம் சரி என்று சொல்லி, குத்தகைக்காரரிடம் யாரும் சொல்லாமல் விட்டால், காலையில் தன் வயலில் டார்ச்சோடு குனிந்து நிற்கும் ஆளைப் பார்த்து அவர் போலீஸைக் கூப்பிடுவதில் தப்பே இல்லை.

மார்ச் 16

"சின்ன டப்பாதானே, இதற்கு இவ்வளவு கெடுபிடியா?" என்றவருக்கு.

வெதர்பி. லீட்ஸிலிருந்து பக்கம்தான். 2011 ஜூலையில் அங்கே ஒரு காபி கடைக்கு வெளியே வைத்திருந்த கேச்சை யாரோ தொட்டு வைப்பதைப் பார்த்தவர் சந்தேகப்பட்டுப் போலீஸிடம் சொல்லிவிட்டார். தெருவை அடைத்து, ராணுவத்தின் வெடிகுண்டுப் பிரிவு வந்து, அந்தக் குட்டி டப்பாவை வெடிக்க வைத்தார்கள். கடைக்காரர்களுக்கு அன்றைய வியாபாரம் போனது, ஊர் முழுக்கப் பதற்றம். விளையாட்டுக்காக வைத்த டப்பாதான் அது.

நகர நடுவில் வைக்கிறவர்கள் செய்ய வேண்டியது: கடை வாசல் என்றால் கடைக்காரர், மாநகராட்சியின் பெஞ்ச் என்றால் மாநகராட்சி, அவர்களுக்கு இடம் சரியாகத் தெரிந்திருக்க வேண்டும். டப்பா உள்ளே இருப்பது தெரிகிற மாதிரி கண்ணாடி போல் இருக்கட்டும், வெளியே "ஜியோகேச்" என்று பெரிதாக எழுதி கேச்சின் குறியீட்டு எண்ணையும் ஒட்டுங்கள். கறுப்பு டேப் சுற்றிய குழாய், ஒயர் நீட்டிக்கொண்டிருக்கிற எதுவும் வேண்டவே வேண்டாம். ராணுவத்துப் பழைய தோட்டாப் பெட்டியில் தண்ணீர் புகாது என்பதால் அமெரிக்காவில் பலருக்கு அது இஷ்டம். வைப்பதானால் ராணுவ எழுத்துகளை முழுக்க அழித்துவிட்டுக் காட்டுக்குள் வையுங்கள், ஊருக்குள் கூடாது. ரயில் நிலையம், விமான நிலையம், பள்ளிக்கூடம், ராணுவ இடம் பக்கமே போகாதீர்கள்.

மார்ச் 17

மாடு டப்பாவைத் தின்றுவிடுமா என்று கேட்ட நண்பருக்கு: தின்னாது. ஆனால் நன்றாக நக்கும், உருட்டும், மிதிக்கும். உள்ளே மிட்டாய், பிஸ்கட் எதுவும் வைக்கக் கூடாது என்ற விதி இதற்காகவும்தான். வாசனை பிடித்து வருகிற பிராணி மூடியைத் திறக்கத் தெரியாமல் டப்பாவையே கடித்துவிடும். மாடு முதலில் கண்டுபிடித்தால் முதல் கண்டுபிடிப்பாளர் பட்டம் யாருக்கு என்று அடுத்து கேட்டிருக்கிறார். நோட்டில் கையெழுத்துப் போட்டால் மாட்டுக்கே கொடுத்துவிடலாம்.

ஏப்ரல் 1

ஒருவர் விதிகள் எல்லாம் பின்னால் வந்தவர்கள் திணித்தவை, முதலில் இந்த விளையாட்டில் விதியே கிடையாது என்கிறார். பாதி உண்மை.

2000 மே மாதம் தொடக்கத்தில் அமெரிக்கா ஜிபிஎஸ் சிக்னலில் வேண்டுமென்றே சேர்த்து வந்த பிழையை நிறுத்தியது. சாதாரண மக்கள் கையில் இருந்த கருவிகளின் துல்லியம் ஒரே இரவில் பத்து மடங்கு கூடியது. மே 3 அன்று டேவ் உல்மர் என்பவர் ஓரிகன் மாநிலத்தில் பீவர்கிரீக் அருகே ஒரு கறுப்பு பிளாஸ்டிக் வாளியைப் பாதி மண்ணில் புதைத்து வைத்து, இடத்தை இணையத்தில் போட்டார். உள்ளே இருந்த பொருள்களில் ஒரு பீன்ஸ் டின்னும் உண்டு. இன்றைய விதிப்படி பார்த்தால் அதைப் பிரசுரிக்கவே மாட்டார்கள். மண்ணைத் தோண்டக் கூடாது, உணவு கூடாது. நிலத்துக்காரரே தோண்டச் சம்மதித்தால் மட்டும் தோண்டுவதற்கு விதிவிலக்கு உண்டு.

ஆனால் அப்போது உலகத்தில் ஒரே ஒரு வாளி. இப்போது முப்பது லட்சத்துக்கு மேல் கேச்கள் உயிரோடு இருக்கின்றன. ஒரு வாளிக்குத் தேவைப்படாத ஒழுங்கு இத்தனைக்கும் தேவைப்படுகிறது.

இதற்கு முன்பே இங்கிலாந்தில் டார்ட்மூர் என்ற மேட்டு நிலத்தில் இதே மாதிரி ஒன்று இருந்தது தெரியுமா? 1854இல் ஜேம்ஸ் பெரட் என்ற வழிகாட்டி கிரான்மியர் பூல் என்ற ஒதுக்குப்புறச் சதுப்பு நிலத்தில் ஒரு ஜாடி வைத்தார், அவ்வளவு தூரம் நடந்து வருகிறவர்கள் தங்கள் அட்டையை அதில் போட்டுவிட்டுப் போனார்கள். அதிலிருந்து கிளம்பியதுதான் ஒளித்து வைத்த பெட்டிகளைத் தேடும் லெட்டர்பாக்ஸிங். ரப்பர் முத்திரையும் நோட்டுமாக இன்றும் நடக்கிறது. பெட்டிகள் பெருகியபோது அவர்களும் ஒரு நடத்தை விதியை ஏற்றுக்கொண்டார்கள், கற்கால வரிசைக் கற்களிலும் ஈமக் குவியல்களிலும் சுவர்களிலும் பெட்டி வைக்கக் கூடாது என்று. ஆக நம்முடைய கல்சுவர் சண்டை நம்மோடு ஆரம்பித்தது இல்லை.

ஏப்ரல் 12

பிராட்ஃபோர்டு நண்பர் இப்போது இல்க்லி மூர் என்ற மேட்டு நிலத்துக்கு மாறியிருக்கிறார். "அது மாநகராட்சிக்குச் சொந்தம், திறந்தவெளி, யாரும் எங்கும் நடக்கலாம்" என்கிறார். மூன்றும் சரி. 2000ஆம் ஆண்டுச் சட்டம் கொடுத்த உரிமையால் அந்த மேட்டு நிலத்தில் பாதையை விட்டு விலகியும் நடக்கலாம். ஆனால் நண்பரே, அந்த மேட்டுக்கு இன்னும் இரண்டு காவல் உண்டு. ஒன்று, அது சிறப்பு அறிவியல் மதிப்புள்ள இடமாக அறிவிக்கப்பட்டது. அங்கே நிலத்துக்காரர் சரி என்றாலும் இயற்கைப் பாதுகாப்புக்கான அரசு அமைப்பான நேச்சுரல் இங்கிலாந்தின் ஒப்புதலையும் பார்க்க வேண்டும். தரையில் கூடு கட்டும் பறவைகளுக்காக மார்ச் 1 முதல் ஜூலை 31 வரை நாயைக் கயிற்றில்தான் பிடித்துப் போக வேண்டும் என்ற நிலம் அது, அந்த நேரத்தில் புதருக்குள் ஆட்களைத் துழாவ விடுவது நியாயமா?

இரண்டாவது, கற்கள். குழியும் வளையமுமாகச் செதுக்கிய பாறைகள் அங்கே ஏராளம், ஆயிரக்கணக்கான வருஷப் பழமை. அவற்றில் பல பாதுகாக்கப்பட்ட சின்னங்கள், சேதப்படுத்தினால் 1979ஆம் ஆண்டுச் சட்டப்படி குற்றம். பாசி மூடிய பாறையில் செதுக்கல் இருப்பது கண்ணுக்குத் தெரியாது. அதன் அடியில் டப்பா வைத்தால், தேடுகிறவர் பாசியைச் சுரண்டுவார். எனக்கு அதை நினைத்தாலே வயிறு கலங்குகிறது.

ஆசை தீரவில்லை என்றால் எர்த்கேச் போடுங்கள். டப்பாவே கிடையாது. வருகிறவர் பாறையைப் பார்த்துவிட்டு, நிலவியல் சம்பந்தமான நம் கேள்விகளுக்குப் பதில் அனுப்ப வேண்டும். 2004இல் அமெரிக்க நிலவியல் சங்கத்தோடு சேர்ந்து ஆரம்பித்தது. யார்க்‌ஷயரில் இருக்கும் மால்ஹம் கோவ் மாதிரி சுண்ணாம்புப் பாறை விரிந்து கிடக்கும் இடங்களுக்கு இதைவிடப் பொருத்தமான வடிவம் இல்லை. அமெரிக்கத் தேசியப் பூங்காக்களிலும் பொதுவாக டப்பா வைக்க விடமாட்டார்கள், எர்த்கேச்சுக்கு இடம் கொடுக்கிறார்கள். அதற்கும் பூங்கா நிர்வாகத்தைக் கேட்டுவிட்டுப் போடுவதுதான் முறை.

ஏப்ரல் 13

வௌவால். மறந்தே போகிறது எல்லோருக்கும். மரப் பொந்து, பழைய பாலத்தின் அடி, கைவிட்ட சுரங்க வாய் இவற்றில் வௌவால் தங்கினால் அந்த இடத்துக்கு 1981ஆம் ஆண்டுச் சட்டத்தின் பாதுகாப்பு உண்டு. ஆளில்லாத இடம் என்று கை விடாதீர்கள்.

ஏப்ரல் 20

"கேட்டேன், முடியாது என்றுவிட்டார்கள், இப்போது என்ன செய்வது?" வேறு இடம் பாருங்கள். வேறு பதில் கிடையாது. "அவருக்குத் தெரியாமல் வேலிக்கு இந்தப் பக்கம்" என்ற யோசனையைச் சிலர் சொல்லியிருக்கிறீர்கள். வேலி ஒரு முழம் தள்ளி இருந்தால் மட்டும் அவர் மனசு மாறிவிடுமா? ஒரு முறை ஏமாற்றப்பட்டவர் அடுத்து வருகிற நேர்மையான ஆளுக்கும் கதவை மூடிவிடுவார். எனக்கே அப்படி நடந்தது. ஒரு பண்ணையில் நான் வாயைத் திறப்பதற்குள் "ஜியோகேச்சா? போய்விடு" என்றார் அங்கிருந்த அம்மா. எனக்கு முன்னால் யாரோ கேட்காமல் வைத்து, அவர் வயலில் புல்லை மிதித்துப் புதுப் பாதையே போட்டுவிட்டிருந்தார்கள். அந்த அம்மாவிடம் எனக்குக் கோபம் வரவில்லை. முன்னால் வைத்த ஆள்மேல் இன்றுவரை கோபம் இருக்கிறது.

இது தனியார் மனஸ்தாபத்தோடு நிற்பதில்லை. 2005இல் அமெரிக்காவில் தென் கரோலினா மாநிலத்தின் கீழவையில் ஒரு மசோதா நிறைவேறியது. கல்லறைகளிலும் வரலாற்று இடங்களிலும் அனுமதி இல்லாமல் ஜியோகேச்சிங் செய்வதைக் குற்றமாக்கும் மசோதா. மேலவையில் தேறவில்லை, சட்டமாகவில்லை. ஆனால் அந்த அளவுக்குப் போனது. அதே நாட்டில் நெவாடாவில் 375ஆம் எண் நெடுஞ்சாலை நெடுகிலும் 161 மீட்டருக்கு ஒன்றாக வைத்திருந்த கேச் வரிசையை 2011இல் மாநிலப் போக்குவரத்துத் துறை பாதுகாப்பைக் காரணம் காட்டி எடுக்கச் சொன்னது. காரை நிறுத்தி நிறுத்தி எடுக்கிறவர்கள் சாலைக்கே ஆபத்தாகிவிட்டார்கள்.

ஏப்ரல் 21

கல்லறை என்றதும் தேவாலயம் பற்றிக் கேள்வி. பிரிட்டனில் தேவாலயங்களை ஒட்டி வைக்கும் சர்ச் மைக்ரோ என்ற தொடர் ரொம்பப் பிரபலம். பெரும்பாலானவை சுற்றுச்சுவருக்கு வெளியே, சாலையோரக் கம்பம் அல்லது கைப்பிடியில். உள்ளே வைப்பதானால் பாதிரியாரையும் தேவாலயக் குழுவையும் கேளுங்கள், கேட்டால் சந்தோஷமாகச் சம்மதிக்கிறவர்களே அதிகம். சமாதிக் கல்லில் மட்டும் யார் சொன்னாலும் வைக்காதீர்கள். துக்கத்தோடு வந்து நிற்கிற ஒருவர் பக்கத்தில் நாம் காந்த டப்பாவைத் தடவிக்கொண்டிருக்கக் கூடாது.

மே 4

ஊருக்குப் போகிறபோது மாமல்லபுரத்தில் ஒன்று வைத்துவிட்டு வரலாமா என்று இரண்டு பேர் கேட்டிருக்கிறார்கள். ஆசை புரிகிறது, எனக்கும் உண்டு. ஆனால் விடுமுறைக்குப் போன இடத்தில் வைத்துவிட்டு வரும் கேச்சைப் பொதுவாக ஏற்கமாட்டார்கள். டப்பா உடைந்தால், காணாமல் போனால் யார் போய்ப் பார்ப்பது? பழுது என்று தகவல் வந்தால் ஏறக்குறைய நான்கு வாரத்துக்குள் சரிசெய்ய வேண்டும் என்பது எதிர்பார்ப்பு. லீட்ஸில் உட்கார்ந்துகொண்டு கடற்கரைக் கோயில் பக்கத்து டப்பாவை எப்படிக் காய வைப்பது. அங்கேயே இருக்கிற ஒருவர் பார்த்துக்கொள்ளச் சம்மதித்து, அதைச் சமர்ப்பிக்கும்போதே சொன்னால் பேசிப் பார்க்கலாம்.

அப்புறம் அந்தச் சின்னங்கள் தொல்லியல் துறையின் பாதுகாப்பில் இருப்பவை, 1984 முதல் யுனெஸ்கோ பட்டியலிலும். அதோடு "கேட்பாரற்றுக் கிடக்கும் பொருளைத் தொடாதீர்கள், உடனே காவல்துறைக்குத் தெரிவியுங்கள்" என்று ரயில் நிலையங்களில் கேட்டுக் கேட்டுப் பழகிய மக்கள் நாம். நம் ஊரில் யாராவது அந்த அறிவிப்பைக் கேட்டு நடந்துகொண்டால் அவர் செய்தது சரி. வெதர்பியில் நடந்தது அங்கே நடந்தால் எவ்வளவு கூட்டம் மிரளும் என்று யோசியுங்கள். சின்னங்களை விட்டுத் தள்ளி, தெரிந்தவர் தோப்போ விடுதித் தோட்டமோ இருந்தால், உரிமையாளர் பெயர் சொல்லி வைப்பதே நல்லது.

மே 22

நேற்று லண்டனில் உச்ச நீதிமன்றம், டார்ட்மூரில் நிலத்துக்காரரைக் கேட்காமல் கூடாரம் அடிக்கலாமா என்ற வழக்கில் தீர்ப்புச் சொல்லிவிட்டது. 1985ஆம் ஆண்டு டார்ட்மூர் சட்டம் தரும் திறந்தவெளிப் பொழுதுபோக்கு உரிமைக்குள் கூடாரம் அடித்து இரவு தங்குவதும் அடங்கும் என்று. நிலத்துக்காரர்கள் தோற்றார்கள். நல்ல தீர்ப்பு, எனக்கு மனசு நிறைந்தது.

உடனே "பார்த்தீர்களா, கூடாரமே போடலாம் என்றால் டப்பா என்ன பிரமாதம்" என்று மூன்று பேர். வழக்கில் டப்பாவைப் பற்றிப் பேச்சே இல்லை. கூடாரம் போடுகிறவர் விடிந்ததும் சுருட்டிக்கொண்டு போகிறார், புல் எழுந்துவிடுகிறது. டப்பா அங்கேயே இருக்கும், வருஷக்கணக்கில் ஆட்களை ஒரே புள்ளிக்கு இழுக்கும். வெற்றி பெற்ற மறுநாளே அந்த உரிமையை இழுத்து நீட்டினால் அடுத்த வழக்கு எங்கே போய் முடியும்? அந்த மேட்டு நிலத்தில் நடக்கும் உரிமைக்காக எத்தனையோ பேர் பல வருஷம் போராடியிருக்கிறார்கள், அதை நம் பிளாஸ்டிக் டப்பாவுக்காகப் பணயம் வைக்க வேண்டாம்.

ஜூன் 1

வாய்ச்சொல் அனுமதி போதுமா என்ற கேள்விக்கு முன்பெல்லாம் போதும் என்றுதான் சொல்வேன். கிராமத்துப் பெரியவரிடம் காகிதத்தை நீட்டிக் கையெழுத்துக் கேட்டால் அவருக்கு இருக்கிற பிரியமும் போய்விடும் என்று. இப்போது எழுத்துப் பக்கம் கொஞ்சம் சாய்கிறேன். கல் தொட்டிப் பெரியவர் இந்த வசந்த காலத்தில் பண்ணையை மகளிடம் ஒப்படைத்துவிட்டார். மகளுக்கு நான் யார் என்று தெரியாது. போய் அறிமுகப்படுத்திக்கொண்டேன், அவரும் சரி என்றார், ஆனால் நல்ல மனசு இல்லாத யாராவது வாங்கியிருந்தால்?

கையெழுத்து வேண்டாம். பேசிவிட்டு வந்த அன்றே ஒரு குறுஞ்செய்தியோ மெயிலோ அனுப்புங்கள்: இன்ன இடத்தில், இவ்வளவு பெரிய டப்பா, வேண்டாம் என்று எப்போது தோன்றினாலும் இந்த எண்ணுக்கு ஒரு வரி, அன்றைக்கே எடுத்துவிடுகிறேன். அவர் "சரி" என்று ஒரு வார்த்தை திருப்பி அனுப்பினால் போதும். அந்தக் கடைசி வரிதான் முக்கியம் என்று நினைக்கிறேன். ஒருமுறை சம்மதித்தால் மாட்டிக்கொள்வோம் என்ற பயத்தில்தான் பலர் மறுக்கிறார்கள்.

நிலம் கைமாறினால் புதியவரிடம் போய்க் கேளுங்கள். பழைய அனுமதி பழையவரோடு போய்விட்டது என்றே வைத்துக்கொள்ளுங்கள்.

ஜூன் 8

பிரிட்டன் ஜியோகேச்சிங் சங்கம் நில உரிமையாளர்களோடு ஏற்கெனவே செய்துகொண்ட ஒப்பந்தங்களை ஒரு பட்டியலாக இணையத்தில் வைத்திருக்கிறது. எந்தக் காடு, எந்தப் பூங்கா, என்ன நிபந்தனை என்று பார்க்கலாம். புதிதாகக் கேட்கப் போவதற்கு முன் அதைப் பாருங்கள். உங்கள் இடம் அதில் இருந்தால் பாதி வேலை முடிந்தது.

ஜூன் 14

ஹாரோகேட் பக்கம் ஒரு கிராமப் பசும்புல் வெளியில் வைக்க நினைக்கும் சகோதரிக்கு: பெரும்பாலும் அது பாரிஷ் கவுன்சிலுக்கு, அதாவது கிராம அளவிலான உள்ளாட்சி மன்றத்துக்குச் சொந்தமாக இருக்கும். கவுன்சிலரைத் தெருவில் பிடித்துக் கேட்பதைவிடக் கிளார்க்குக்கு மெயில் எழுதுங்கள், அவர் பெயரும் முகவரியும் ஊர் அறிவிப்புப் பலகையில் இருக்கும். நான் அப்படி எழுதிக் கேட்டபோது ஒரே கூட்டத்தில் பேசி, மூன்று நிபந்தனையோடு அனுமதி கொடுத்து, கூட்டக் குறிப்பிலும் ஏற்றிவிட்டார்கள்: உள்ளே தெரிகிற டப்பா, வெளியே என் தொலைபேசி எண், குழந்தைகள் விளையாடும் பக்கம் கூடாது. அதைவிட நல்ல எழுத்து அனுமதி கிடையாது.

மெயிலில் வரைபடப் புள்ளி, டப்பாவின் படம், எவ்வளவு நாளுக்கு ஒரு முறை போய்ப் பார்ப்பீர்கள் என்பது, எடுக்கச் சொன்னால் உடனே எடுப்பீர்கள் என்பது, நான்கையும் எழுதுங்கள். ஒரு பக்கத்துக்கு மேல் வேண்டாம். கூட்டத்துக்கு மூன்று முழு நாள் முன்பே அவர்கள் நிகழ்ச்சி நிரலை ஒட்டியாக வேண்டும், அதனால் உங்கள் மெயில் அதற்கு ஒரு வாரம் முன்னால் கிளார்க் கையில் இருக்கட்டும். கூட்டத்துக்கு நீங்களும் போகலாம், பொதுமக்கள் பேச ஆரம்பத்தில் சில நிமிடம் ஒதுக்குவது பல கவுன்சில்களில் வழக்கம். போகும்போது டப்பாவைக் கையோடு கொண்டு போங்கள்.